நொச்சி சூடியவர்கள்

ஒலிம்பிக் ஹாக்கியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற இந்தியர்கள் ஏழு பேர். தியான்சந்த், ரிச்சர்ட் ஆலன், லெஸ்லி கிளாடியஸ், பல்பீர் சிங், ரந்தீர் சிங் ஜென்டில், ரங்கநாதன் பிரான்சிஸ், உதம் சிங். முதல் பெயரை அறியாதவர் இல்லை. அவர் பிறந்த ஆகஸ்ட் 29ஆம் நாளைத்தான் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். பல்பீர் சிங்கையும் கிளாடியஸையும் விளையாட்டுச் செய்திகளை ஓரளவு பின்தொடர்பவர்கள் அறிவார்கள். பிரான்சிஸ் என்ற பெயரைச் சொன்னால், தமிழகத்திலேயே எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது ஐயத்திற்குரியது. இத்தனைக்கும் அவர் சென்னைக்காரர்.

இந்த எழுவரில் இருவர் கோல்கீப்பர்கள்: ஆலனும் பிரான்சிஸும். பட்டியலில் மிக எளிதாக மறக்கப்பட்டவர்களும் அவர்களே. இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். கோல் அடித்தவரின் வரலாறு நிகழ்ந்தவற்றின் வரலாறு. கோலைக் காத்தவரின் வரலாறோ நிகழாதுபோனவற்றின் வரலாறு. நிகழாதவற்றை எழுதிவைக்க நாம் இன்னும் பழகவில்லை.

*

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. மதிலை வளைத்து முற்றுகையிடுவோர் சூடும் பூ உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காப்போர் சூடுவது நொச்சி. ஆனால் தொல்காப்பியர் வகுத்த ஏழு புறத்திணைகளில் நொச்சி தனித் திணை அல்ல. வளைப்பவன் செயலும் காப்பவன் செயலும் உழிஞை என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. காப்பவனுக்கென்று தனியாக ஒரு திணையைப் பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையில்தான் விரிவாகக் காண்கிறோம். அங்கே திணைகள் பன்னிரண்டு. அவற்றுள் நொச்சிக்கும் ஓரிடம் உண்டு. புறநானூற்றுப் பாடல்களுக்குத் திணை குறித்தவர்களும் நொச்சியைத் தனியே சுட்டியிருக்கிறார்கள் என்றாலும், அத்தகைய பாடல்கள் குறைவே.

பகைநாட்டின் மேல் சென்றவனையும், ஆநிரை கவர்ந்தவனையும், களிறு எறிந்தவனையும் பாடிய அளவுக்கு, மதிலை விட்டு அகலாமல் நின்றவனைப் பாடவில்லை. பாடுவதற்கு ஒரு செயல் வேண்டும். நின்றுகொண்டிருப்பது செயலா? இந்தக் கேள்வியை ஹாக்கி மைதானத்தின் ஒரு முனையில், 12 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட சட்டத்தின் முன் நின்றவர்களை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

*

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியா முதன்முறையாக ஹாக்கியில் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த கோல்கள் 29. அவற்றில் 14 தியான்சந்த் அடித்தவை. இந்தியா வாங்கிய கோல்கள்? ஒன்றுமில்லை. அந்தச் சுழியத்தின் சொந்தக்காரர் ரிச்சர்ட் ஆலன். தியான்சந்தின் 14ஐப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. சுழியத்தைப் பற்றி என்ன எழுதுவது?

1932, 1936 ஒலிம்பிக்குகளிலும் ஆலன் ஆடினார். மூன்று ஒலிம்பிக்குகளையும் சேர்த்து அவர் விட்டுக்கொடுத்த கோல்கள் இரண்டே இரண்டு. 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது ஒன்று. 1936இல் பெர்லின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்றபோது மற்றொன்று. இதில் அமெரிக்கா அடித்த ஒற்றைக் கோலுக்கு ஒரு கதை உண்டு. ஆட்டம் முழுவதும் மறுமுனையிலேயே நடந்துகொண்டிருந்ததால், ஆலன் கோல் கம்பத்துக்குப் பின்னே போய் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில் பந்து உள்ளே போய்விட்டதாம். மெய்யோ புனைவோ, தொண்ணூறு ஆண்டுகளாக இக்கதை சொல்லப்பட்டு வருகிறது. தடுத்த பந்துகளைப் பற்றி ஒரு கதையும் எஞ்சாமல், தடுக்காத ஒரு பந்து மட்டும் நகைச்சுவைத் துணுக்காக நிலைத்துவிட்டது. கோல்கீப்பரின் விதி இவ்வளவுதான் போலும்.

நான் வாழும் பகுதியில் இதற்கு ஓர் இணை இருக்கிறது. சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை வாயில்களில் ஒரு பலகையைக் காணலாம். விபத்தின்றிக் கடந்த நாட்கள் எத்தனை என்று அதில் எண் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்த எண் ஒன்று கூடும். அதை யாரும் நின்று வாசிப்பதில்லை. விபத்து நடந்த மறுநாள் அது சுழியத்துக்குத் திரும்பும்போதுதான் எல்லோர் கண்ணும் அதில் படும். இயந்திரத்தின் காப்புவேலியைச் சரிபார்த்தவர், பழுதான உதிரிப்பாகத்தை வரிசையிலிருந்து எடுத்து ஒதுக்கியவர் ஆகியோரின் உழைப்பு முழுவதும் அந்த எண்ணுக்குள் பெயரின்றிக் கிடக்கிறது. உற்பத்திக் கணக்கில் இடம்பெறுவது செய்யப்பட்ட வண்டிகளின் எண்ணிக்கை. தவிர்க்கப்பட்ட தீங்குகளின் எண்ணிக்கை அல்ல. ஆலனின் சுழியம் இந்தப் பலகையின் எண்ணைப் போன்றது.

*

ரங்கநாதன் பிரான்சிஸ் 1920 மார்ச் 15 அன்று ரங்கூனில் பிறந்தவர். அக்காலத்து ரங்கூன் நகர மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் வட்டிக்கடைகளிலும் நிறைந்திருந்தார்கள். அங்கே பிறந்து சென்னையில் ஆடியவர் அவர். 1948 இலண்டன், 1952 ஹெல்சின்கி, 1956 மெல்போர்ன் என்று மூன்று ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் மூன்று ஹாக்கித் தங்கங்களிலும் பங்கு பெற்றவர்கள் நால்வர் மட்டுமே: பல்பீர் சிங், கிளாடியஸ், ஜென்டில், பிரான்சிஸ்.

அந்த மூன்று வெற்றிகளின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1948 ஆகஸ்ட் 12 அன்று வெம்ப்ளியில் பிரிட்டனை 4-0 என்று வென்றபோது, விடுதலைக்கு ஓராண்டு நிறைய மூன்று நாட்கள் இருந்தன. ஆண்ட நாட்டின் தலைநகரில், அவர்களே கற்றுத்தந்த ஆட்டத்தில், அவர்களைப் புதிய கொடியின் கீழ் வென்றார்கள். ஹெல்சின்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 6-1 என்று வென்றதில் பல்பீர் சிங் ஒருவரே ஐந்து கோல் அடித்தார். ஒலிம்பிக் ஆண்கள் இறுதியாட்டத்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை அது.

இவர்களில் பல்பீர் சிங்குக்கு 1957இலும் கிளாடியஸுக்கு 1971இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கின்போது அந்நகரச் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயரைச் சூட்டி ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அதில் தியான்சந்த், ரூப் சிங், கிளாடியஸ் என்று மூன்று இந்திய ஹாக்கி வீரர்கள் இடம்பெற்றார்கள். மூவரும் மிகத் தகுதியானவர்கள். ஆனால் மூவருமே பந்தை முன்னே கொண்டுபோனவர்கள். பின்னே நின்ற ஆலனுக்கும் பிரான்சிஸுக்கும் அந்தக் கற்பனை ரயிலில் நிலையம் இல்லை.

பிரான்சிஸ் முதல் ஒலிம்பிக்கில் காவல் பணியை லியோ பின்டோவுடன் பகிர்ந்துகொண்டார். கடைசி ஒலிம்பிக்கில் பகிர்ந்துகொண்டது தம்மைவிடப் பதின்மூன்று வயது இளையவரான ஓர் இராணுவ வீரருடன். மெல்போர்னில் பிரான்சிஸுக்கு வயது 36. அந்த இளைஞருக்கு 23. 1975 டிசம்பர் 1 அன்று பிரான்சிஸ் சென்னையில் காலமானார். வயது 55தான்.

*

அந்த இளைஞர் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசத்தில் இந்தூரை அடுத்த மாவ் என்னும் படைவீட்டு நகரில் 1933 ஜூலை 7 அன்று பிறந்தவர். அம்பேத்கர் பிறந்த ஊரும் அதுவே. சிறுவயதில் இராணுவத்தின் இசைக்குழுவில் சேர்ந்தார். மராத்தா காலாட்படையில் பணிபுரிந்தார். தொடக்கத்தில் கால்பந்து ஆட்டக்காரர். 1955 வாக்கில்தான் ஹாக்கியை முழுமையாக ஏற்றார். அடுத்த ஆண்டே ஒலிம்பிக் அணியில் இடம். கால்பந்து பழகிய கால்கள் கோல்கீப்பருக்குப் பெரிய வரம். ஹாக்கியில் காலால் பந்தை உதைக்க உரிமை பெற்றவர் அவர் ஒருவரே.

அக்காலத்துக் கோல்கீப்பர் எப்படி நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரம்பு வைத்துத் தைத்த கித்தான் காலுறைகள், கனத்த காலணி, கையுறை. அவ்வளவே. தலைக்கவசம் இல்லை, முகமூடி இல்லை, மார்புக் கவசம் இல்லை. எதிரே வருவது ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள, கல் போன்ற பந்து. புல்தரையில் அது எங்கே எகிறும் என்று அடித்தவருக்கே தெரியாது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் முகம் கிழிந்த ஜாக் பிளான்ட் என்ற கனடிய கோல்கீப்பர், தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடு திரும்பி வந்தார். அதன்பின் முகமூடியைக் கழற்ற மறுத்ததால் அவருக்குக் கோழை என்ற வசையும் கிடைத்தது. லட்சுமண் ஆடிய ஆண்டுகளும் அவையே.

இனி கணக்கைப் பார்ப்போம். 1956 மெல்போர்னில் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது ஒன்றுமில்லை. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் ஜென்டில். 1960 ரோம் இறுதியாட்டத்தில் மீண்டும் பாகிஸ்தான், இம்முறை 0-1. நசீர் புந்தா அடித்த அந்த ஒற்றைக் கோல், 1928 முதல் ஒலிம்பிக்கில் இந்தியா தொடர்ந்து பெற்றுவந்த 30 வெற்றிகளின் சங்கிலியை அறுத்தது. 1964 டோக்கியோ இறுதியாட்டத்திலும் பாகிஸ்தான். மீண்டும் இந்தியாவுக்கு 1-0. மொகிந்தர் லால் பெனால்டி ஸ்ட்ரோக்கில் கோல் அடித்தார். எஞ்சிய நேரமெல்லாம் அந்த ஒற்றைக் கோலின் மேல் முற்றுகை நடந்தது; லட்சுமண் நின்றார்.

அதாவது மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் அக்காலத்தின் மிகச் சிறந்த எதிரணிக்கு எதிராக லட்சுமண் விட்ட கோல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் இந்தியாவின் தங்கத்தைப் பறித்தது. இதைவிடத் துல்லியமாக ஒரு கோல்கீப்பரின் வாழ்வைச் சொல்ல முடியுமா? அந்த மூன்று ஆட்டங்களிலும் இந்திய அணியினர் அடித்தவை மொத்தம் இரண்டு கோல்கள். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இன்னும் விசித்திரம். பாகிஸ்தானுடனான ஆட்டம் 0-0. காவலர் தம் கடமையைக் குறைவறச் செய்தார். ஆனால் கோல் சராசரி அடிப்படையில் தங்கம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. தான் ஒரு கோலும் விடாத ஆட்டத்துக்குப் பிறகும், மற்றவர்கள் அடிக்காத கோல்களுக்காக வெள்ளிப் பதக்கத்தோடு திரும்ப வேண்டியிருந்தது.

1964இல் அர்ஜுனா விருதும் 1967இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்கு அவரே தலைவர். சர்வதேச ஹாக்கியில் ஒரு கோல்கீப்பர் அணித்தலைவரானது அதுவே முதல்முறை எனப்படுகிறது. அங்கேயும் இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று, ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியாவின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். இரண்டே ஆண்டுகளில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமில்லை. அத்துடன் ஹாக்கியை விட்டார். 1979இல் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார்; கௌரவ கேப்டன் தகுதியும் உடன் வந்தது. பிறகு மாவில் அமைதியான வாழ்க்கை. இறுதிக் காலத்தில் காலில் அழுகல் நோய் கண்டது. 2006 ஏப்ரல் 29 அன்று, தம் 72ஆம் வயதில் அங்கேயே காலமானார். உலகின் சிறந்த முன்வரிசைகளை நிறுத்திய கால் அது.

*

எங்குமே கோல்கீப்பர்களின் கதி இதுதானா என்றால், இல்லை. ஐஸ் ஹாக்கி நம் ஹாக்கியிலிருந்து வேறுபட்ட ஆட்டம்; ஆயினும் காவலரின் நிலை ஒன்றே. அங்கே ஸ்வீடன் போன்ற ஒரு கோடி மக்கள்தொகை கொண்ட நாடு தன் காவலர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ஹோங்கன் என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட லெய்ஃப் ஹோல்ம்க்விஸ்ட் 1960களில் அந்நாட்டு அணியின் கோல்கீப்பர். இன்று ஸ்வீடனின் சிறந்த கோல்கீப்பருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கோப்பை அவர் பெயரில் இருக்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 1920களிலிருந்தே வெசினா கோப்பை கோல்கீப்பர்களுக்கென்று தனியாக உண்டு. அதுவும் காசநோயால் இறந்த ஒரு கோல்கீப்பரின் பெயரால் அமைந்தது. 1985இல் அதை வென்ற முதல் ஐரோப்பியர் ஸ்வீடனின் பெலே லிண்ட்பெர்க். அதே ஆண்டு நவம்பரில் கார் விபத்தில் மறைந்தார்.

ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் என்ற ஸ்வீடன் கோல்கீப்பரை 2000ஆம் ஆண்டுத் தேர்வில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி 205ஆவது ஆளாகத்தான் எடுத்தது. 2006இல் தம் நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம், 2012இல் வெசினா கோப்பை, மொத்தம் 459 வெற்றிகள். இதய நோயால் ஓய்வு பெற்ற அவருடைய 30ஆம் எண் சட்டையை 2022 ஜனவரி 28 அன்று நியூயார்க் அரங்கின் கூரையில் ஏற்றி, இனி யாருக்கும் அந்த எண் இல்லை என்று அறிவித்தார்கள்.

வேறுபாடு பாசத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது. அங்கே ஒரு கோல்கீப்பர் எதிர்கொண்ட பந்துகள் எத்தனை, தடுத்தவை எத்தனை, விழுக்காடு எவ்வளவு என்று ஆட்டம்தோறும் கணக்கெழுதுகிறார்கள். நிகழாதவற்றை எண்ணக் கற்றதால், அதைச் செய்தவர்களுக்கு வரலாறும் அமைந்தது. நம் பொற்காலத்து ஆட்டங்களிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை கோல் கணக்கும் கோல் அடித்தவர் பெயரும்தான். 1964 இறுதியாட்டத்தில் யார் எப்போது கோல் அடித்தார் என்பதை அட்டவணையில் காணலாம். அங்கே லட்சுமண் தடுத்தவற்றுக்குக் கட்டம் இல்லை.

*

கணக்கில்லாத இடத்தில் பழி மட்டும் எளிதாக ஏறும். 1982 தில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 1-7 என்று தோற்றது. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. ஏழு கோல்கள் விழ ஓர் அணியே குலைந்திருக்க வேண்டும். ஆனால் விலைபோனவர் என்ற பழி நேகி ஒருவர் மேல் விழுந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளிப்பவராக அவர் திரும்பினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிரான பெனால்டி ஸ்ட்ரோக்குகளை ஆஷிஷ் பல்லால் தடுக்க, 1966க்குப் பிறகு இந்தியாவுக்கு மீண்டும் தங்கம் கிடைத்தது. வென்று வந்த சில நாட்களில் தன்ராஜ் பிள்ளை, பல்லால் உள்ளிட்ட பல ஆட்டக்காரர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டது வேறு கதை.

2007இல் வந்த சக் தே இந்தியா என்ற இந்தித் திரைப்படத்தை நேகியின் வாழ்வோடு இணைத்து நாடே பேசியது. அதில் நடித்தவர்களுக்கு ஹாக்கி கற்றுத்தந்தவரும் அவரே. படத்தின் நாயகனும் பாகிஸ்தானிடம் தோற்று, துரோகி எனப் பழிசுமந்து, பயிற்சியாளராக மீள்பவன்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அவன் கோல்கீப்பர் அல்லன். கடைசி நேரத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிடும் முன்வரிசை ஆட்டக்காரன். நாயகனாக வேண்டுமென்றால், அடிக்கத் தவறியவனாகவாவது இருக்க வேண்டும். தடுக்கத் தவறியவனாக இருக்க முடியாது. தொல்காப்பியர் நொச்சியை உழிஞைக்குள் அடக்கியதைப் போல, திரைப்படமும் காப்பவனின் துயரை எடுத்துத் தாக்குபவனிடம் கொடுத்துவிட்டது.

தென்னகத்துக்கு வருவோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், இதுவரையில் இந்தியாவின் கடைசி ஹாக்கித் தங்கத்தை வென்ற அணியின் தலைவர் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். இறுதியாட்டம் ஸ்பெயினுக்கு எதிராக 4-3. ஒரு கோல் கூடுதலாக விழுந்திருந்தால் அந்தப் பெருமைக்கே ஆபத்து. அவ்வணியின் கோல்கீப்பர்கள் ஆலன் ஸ்கோஃபீல்டும் பீர் பகதூர் சேத்ரியும் என்பதைச் சொல்பவர் குறைவு. 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியில் கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரடெரிக் இருந்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலையாளி அவர். வாழ்நாள் சாதனைக்கான தியான்சந்த் விருது அவருக்குக் கிடைத்தது 2019இல், அதாவது 47 ஆண்டுகள் கழித்து. 2025 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மறைந்தார்.

இந்த வரிசையில் நிலைமை மாறியது இன்னொரு மலையாளியால். எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த பி.ஆர். ஸ்ரீஜேஷுக்கு முதல் காப்புறைகள் வாங்க, அவர் தந்தை வீட்டுப் பசுவை விற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம். ஆட்டம் முடிந்ததும் கோல் கம்பத்தின் மேல் ஏறி அமர்ந்தார். அன்றைய வெற்றியின் படமாக நாட்டின் நினைவில் நின்றது, கோல் அடித்தவரின் படம் அல்ல, அந்தப் படம்தான். 2024 பாரிஸ் காலிறுதியில் பெரும்பகுதி பத்துப் பேரோடு ஆடிய அணியை பிரிட்டனுக்கு எதிரான ஷூட்-அவுட் வரை காத்துக்கொடுத்து, இரண்டாவது வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். ஹாக்கி இந்தியா அமைப்பு அவருடைய 16ஆம் எண் சட்டைக்கும் ஓய்வளித்தது. 2025இல் பத்மபூஷண் கிடைத்தது. தியான்சந்துக்குக் கிடைத்த அதே விருது.

நொச்சிக்குத் தனித் திணை கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஸ்ரீஜேஷ் தடுத்த பந்தை மெதுவாக ஓட்டியும் நிறுத்தியும் காட்டப் பத்துக் கேமராக்கள் இருந்தன. பிரான்சிஸ் தடுத்த பந்துகளுக்குச் சாட்சி, அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் மட்டுமே. சென்னையில் அவர் ஆடியதைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பழைய நாளிதழ்க் கட்டுகளும் மன்றங்களின் ஆண்டறிக்கைகளும் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. இலக்கிய வரலாற்றுக்காகச் சுவடி தேடி அலைந்த மரபு நம்முடையது. அந்த உழைப்பில் ஒரு துளியை இந்தத் திசையிலும் செலவிடலாம். இன்னும் பத்தாண்டுகள் கழித்து நினைத்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். எழும்பூரில் நடந்த காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்-அவுட்டில் வென்றபோது, பந்துகளைத் தடுத்து அணியைக் கரைசேர்த்தவர் பிரின்ஸ்தீப் சிங் என்ற இளம் கோல்கீப்பர். அரங்கம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே டிசம்பரின் முதல் நாளில், மூன்று ஒலிம்பிக் தங்கங்களின் சொந்தக்காரரான ஒரு கோல்கீப்பர் காலமான நகரம் அது.